வெயிலைச் சேமிக்கும் கணக்கு

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். மேலைநாடுகளில் அதற்கு வேறொரு வடிவமும் உண்டு. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. படுக்கை, அடுப்பு, விளக்கு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள் அடங்கும். நம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயிலும் நண்பர்கள் ஜெய்சல்மேர்ப் பக்கம் கள ஆய்வுக்குப் போகும்போது ஜீப்பில் பூட்டிச் செல்வதும் இத்தகைய வண்டியே. மின்கம்பம் இல்லாத பாலையில் அதற்கு மின்சாரம் தருபவை இரண்டு: உள்ளே ஒரு பேட்டரி; கூரைமேல் இரு சோலார் தகடுகள்.

அந்தப் பேட்டரி பதினான்கே மாதங்களில் செயலிழந்தது. புதியது ஒன்று வாங்கியாயிற்று. “இதனுடன் இன்னொன்றையும் சேர்த்து வாங்கிவிட்டால் தொல்லை தீருமா?” என்று இயற்பியல் மாணவனாகிய என்னை நண்பர்கள் கேட்டனர். பணமோ மாணவர்கள் தம் கையிலிருந்து திரட்டும் முகாம் நிதி. இரவில் மின்சாரம் நின்றால் விளக்கு மட்டுமா போகும்? பாம்பு கடித்தாலும் காய்ச்சல் கண்டாலும் உதவிக்கு அழைக்கும் தொலைபேசியும் அடங்கிவிடும். ஆகவே ஒரு வாரம் வண்டியைச் சோதித்து, அளவுகளைக் குறித்த பிறகே விடை சொன்னேன். அந்த விடையையும் அதற்கான காரணத்தையும் இங்கே காண்போம்.

பேட்டரியின் உள்ளே

காரீயப் பேட்டரியை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே அமைத்தார். இன்றும் அடிப்படை அதுவே. கந்தக அமிலம் கலந்த நீரில் காரீயத் தகடும் காரீய டை-ஆக்சைடுத் தகடும் நிற்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளின் மேலும் காரீய சல்பேட்டு படிகின்றது. அமிலத்தின் செறிவு குறைகின்றது. மீண்டும் மின்னூட்டினால் சல்பேட்டு கரைந்து அமிலம் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் உரிய காலத்தில் முழுமையாக மின்னூட்ட வேண்டும். நாட்கணக்கில் அரைகுறையாக விட்டுவைத்தால் சல்பேட்டு பெரும் படிகங்களாக இறுகிவிடும்; பிறகு எளிதில் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு வீணாகும். நம் வண்டியின் பழைய பேட்டரிக்கு நேர்ந்தது இதுவே.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதப்பட்ட பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. நாள்தோறும் அதில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் வெகுவாகக் குறையும். எனவே நாம் செலவழிக்கத்தக்கது 600 வாட்-மணியே.

செலவும் வரவும்

ஒரு கருவியின் வாட் அளவை அது ஓடும் மணிகளால் பெருக்கினால் செலவு கிடைக்கும். நம் கேரவனின் ஒருநாள் செலவு இது: நான்கு விளக்குகளுக்கு 120 வாட்-மணி, மின்விசிறிக்கு 160, மடிக்கணினிக்கு 180, ஆறு தொலைபேசிகளுக்கு 90, தண்ணீர்ப் பம்புக்கு 30. ஆக 580.

இனி வரவு. தகடுகள் இரண்டும் சேர்ந்து 200 வாட். தெளிந்த நாளில் நம் நாட்டின் பல பகுதிகளில் கிடைக்கும் வெயிலை ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கொள்ளலாம். 200-ஐ ஐந்தால் பெருக்கினால் 1,000. ஆனால் தகடு சூடாவதாலும், தூசியாலும், கம்பியிலும், பேட்டரியை ஏற்றும்போதும் இழப்புகள் உண்டு. பத்தில் மூன்று பங்கைக் கழித்துவிட்டால் கைக்கு வருவது 700.

செலவு 580, வரவு 700. கணக்கு நேராகத்தானே இருக்கின்றது? பின் ஏன் பேட்டரி கெட்டது?

இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மல்டிமீட்டரை இணைத்துப் பார்த்தேன். அப்போதும் 0.8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது! மடிக்கணினிக்காக வைத்திருந்த இன்வெர்ட்டர்தான் காரணம். சுமை எதுவும் இல்லாதபோதும் அது 10 வாட் தின்றது. நாள் முழுதும் விட்டுவைத்தால் 240 வாட்-மணி. மின்விசிறியின் செலவைவிட அதிகம். மெய்யான செலவு 580 அன்று, 820. வரவைவிட 120 மிகுதி. பேட்டரி ஒருநாளும் நிறையவில்லை.

இந்த நிலையில் இரண்டாவது பேட்டரி வாங்கினால் என்ன ஆகும்? குடத்தைப் பெரிதாக்கினால் ஊற்று பெருகாது. முன்பு ஒரு பேட்டரி நிறையாமல் கெட்டது. இனி இரண்டு கெடும். ஆகவே “வேண்டாம்” என்றேன். அதற்குப் பதிலாக இன்வெர்ட்டருக்கு ஒரு சுவிட்சு வைத்தோம். 12 வோல்ட்டிலேயே இயங்கும் மடிக்கணினிச் சார்ஜர் ஒன்று வாங்கினோம். அடுத்த முகாமில் தெளிந்த நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குள் பேட்டரி நிறைந்தது.

பேணும் முறை

1. விடியுமுன், விளக்குகளை அணைத்துவிட்டு மின்னழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் குறியுங்கள். ஓய்வில் உள்ள காரீயப் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குமேல் காட்டினால் நிறைந்துள்ளது, 12.1 ஆனால் ஏறக்குறைய பாதி, 11.9-க்குக் கீழ் என்றால் வற்றிவிட்டது. மூடி திறக்கும் வகையானால் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு கலத்தையும் சோதிக்கலாம். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டால் அந்தக் கலத்தில் கோளாறு உண்டு.

2. தகடுகள் எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. குழாய் நீர் ஆகாது. அமிலத்தை ஒருபோதும் ஊற்றற்க. ஆவியாவதும் மின்னூட்டத்தால் பிரிந்து போவதும் நீரே. தகடுகள் வெளியே தெரிந்தாலன்றி, மின்னூட்டிய பிறகே ஊற்ற வேண்டும். முன்னே ஊற்றினால் பொங்கி வழியும்.

3. மின்னூட்டும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆகவே காற்றோட்டம் வேண்டும். அருகில் தீப்பொறி கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிக. அமிலம் பட்டால் உடனே ஏராளமான நீரால் கழுவுக. கம்பிகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுக. பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுக.

4. சார்ஜ் கண்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகில் வைக்க வேண்டும். கம்பி தடித்ததாக இருத்தல் நலம். ஐந்து மீட்டர் தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியில் 10 ஆம்பியர் போய்த் திரும்பினால் 0.7 வோல்ட் வழியிலேயே தொலையும். கண்ட்ரோலர் 14.4 வோல்ட் கொடுத்தும் பேட்டரிக்குச் சேர்வது 13.7. பிறகு எப்படி நிறையும்? 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸும் இருக்க வேண்டும்.

5. தகட்டைக் காலையில் ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளிருக்கும் கலங்கள் வரிசையாக இணைந்தவை. எனவே ஒரு கிளையின் நிழலும் வரவைப் பெரிதும் குறைக்கும். குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே தாழ்ந்து செல்வதால் தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பது பயன் தரும்.

6. முகாம் முடிந்ததும் பேட்டரியை முழுமையாக ஏற்றி, இணைப்புகளைக் கழற்றி வைக்க வேண்டும். சும்மா இருந்தாலும் அது தானே வற்றும். மாதம் ஒருமுறை ஏற்றுக.

பெருக்கும் முறை

இப்போது நண்பர்களுக்கு ஒரு புதிய தேவை. கோடை முகாமுக்குச் சிறிய குளிர்பெட்டி ஒன்று வேண்டுமாம். அதற்கு நாளொன்றுக்கு 420 வாட்-மணி எனக் கொண்டால் செலவு 1,000 ஆகின்றது. இனித்தான் பெருக்குவது பற்றிப் பேச வேண்டும். முதலில் ஊற்று: இன்னும் 100 வாட் தகடு சேர்த்தால் வரவு 1,050. கண்ட்ரோலரையும் பார்க்க வேண்டும். பி.டபிள்யூ.எம். என்னும் எளிய வகை, 18 வோல்ட்டில் இயங்க வேண்டிய தகட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறக்கிவிடும், வேறுபாடு வீணாகும். எம்.பி.பி.டி. வகை அதையும் மின்னோட்டமாக மாற்றித் தரும். விலை கூடினாலும் கூரையில் இடம் குறைந்த வண்டிக்கு அதுவே ஏற்றது.

பிறகு குடம். காரீயமானால் 100 ஆம்பியர்-மணிப் பேட்டரிகள் இரண்டு வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகையானால் ஒன்றே போதும். அதில் பத்தில் எட்டுப் பங்கை அச்சமின்றி எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். அரைகுறையாக இருந்தாலும் அதற்குச் சல்பேட்டு நோய் இல்லை.

இப்பேட்டரிக்கும் தமிழருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதை 1997-இல் வெளியிட்டது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபின் ஆய்வுக்குழு. அதற்கு முன்பே, 1980-களில், சல்பேட்டு போன்ற அயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்கள் மின்னழுத்தத்தை உயர்த்தும் என்று அவருடன் சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்றவர். 2019-இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் சொற்பொழிவு ஆற்றியவரும் இவரே.

ஆயினும் லித்தியத்துக்கும் விதிகள் உண்டு. அதற்கென அமைந்த மின்னூட்ட அளவைக் கண்ட்ரோலரில் வைக்க வேண்டும். ஜீப்பின் டைனமோவிலிருந்து நேரே ஏற்றினால் டைனமோ சூடேறிக் கெடலாம், இடையே டி.சி.-டி.சி. சார்ஜர் தேவை. வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே போனால் மின்னூட்டவே கூடாது. ஸ்பிட்டி, லடாக் போன்ற இடங்களுக்குச் செல்வோர் அதை வண்டியின் உட்புறத்தில் கதகதப்பாக வைக்க வேண்டும்.

நண்பர்களே, கேரவன் நம்மில் எல்லோரிடமும் இல்லை. ஆனால் வாடகை அறையில் இன்வெர்ட்டர் வைத்திருப்போர் பலர். அவர்களுக்கும் இதே முறைதான். முதலில் செலவை அளந்து பாருங்கள், வீணாவதை நிறுத்துங்கள், பிறகு வரவைப் பெருக்குங்கள், பேட்டரியைப் பெரிதாக்குவது கடைசி வேலை. ஒரு மல்டிமீட்டரும் ஒரு நோட்டும் இருந்தால் இதை நீங்களே செய்யலாம். கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.