அடுத்தடுத்து வரும் மூன்று ஞாயிறுகள்

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. திருப்பலியில் மூன்று வாசகங்களும் காதில் விழுகின்றன, வீடு வந்து சேர்வதற்குள் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். இந்த மூன்றையும் யார் சேர்த்து வைத்தார்கள், எதற்காக என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாலே உன் குறையில் பாதி தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

ஞாயிறன்று கூடி மறைநூலை வாசிப்பது மிகப் பழைய வழக்கம். ஏறக்குறைய 155ஆம் ஆண்டில் உரோமையில் இருந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் வாழ்க்கை முறையைப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடுவார்கள். திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளையோ இறைவாக்கினர் நூல்களையோ நேரம் இருக்கும்வரை வாசிப்பார்கள். முடிந்ததும் தலைவர் எழுந்து, கேட்டதை வாழ்ந்துகாட்டும்படி அறிவுரை சொல்வார். இன்று நம் பங்கில் நடப்பதும் இதுதானே! எந்தப் பகுதிகளை வாசிப்பது என்ற ஒழுங்குதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

உன் பாட்டி சிறுமியாக இருந்தபோது ஞாயிறு திருப்பலியில் இரண்டே வாசகங்கள். ஆண்டுதோறும் அதே பகுதிகள், அதுவும் இலத்தீனில். பழைய ஏற்பாடு ஞாயிறுகளில் தலைகாட்டுவதே அபூர்வம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று திருவழிபாடு பற்றிய ஏட்டில் பணித்தது. அதன் பயனாக 1969இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது: ஞாயிறுக்கு மூன்று வாசகங்கள், மூன்று ஆண்டுச் சுழற்சியில். முதல் ஆண்டுக்கு மத்தேயு, இரண்டாம் ஆண்டுக்கு மாற்கு, மூன்றாம் ஆண்டுக்கு லூக்கா. யோவானுக்கென்று தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மாற்கு சிறிய நூல் என்பதால், அந்த ஆண்டில் ஐந்து ஞாயிறுகளை யோவானின் ஆறாம் அதிகாரம் நிரப்புகிறது. எந்த ஆண்டு நடக்கிறது என்று குழப்பம் வந்தால் ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்துப் பார். மீதி வராவிட்டால் லூக்கா ஆண்டு. 2025 அப்படிப்பட்டது, அடுத்து 2028. புதிய வழிபாட்டு ஆண்டு மட்டும் சனவரியில் அல்ல, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலேயே தொடங்கிவிடும்.

இதில் நீ முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பொதுக்கால ஞாயிறுகளில் நற்செய்திக்கு ஏற்றபடிதான் முதல் வாசகத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். பதிலுரைப் பாடல் அந்த முதல் வாசகத்துக்கு நாம் சொல்லும் மறுமொழி. இரண்டாம் வாசகம் தன் வழியில் போகும்: ஒரு திருமுகத்தை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதையே தொடரும். அதை மற்ற இரண்டோடும் வலிந்து முடிச்சுப் போடாதே. சில இடங்களில் நேரம் கருதி அதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. பவுல் ஒரு சபைக்கு எழுதியதை நான்கைந்து வாரம் தொடர்ந்து கேட்கும் வாய்ப்பு நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

எடுத்துக்காட்டாக, மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் 16ஆம் ஞாயிறைப் பார். நற்செய்தி, இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தா வேலையில் பரபரக்க, மரியா உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்ட நிகழ்ச்சி. முதல் வாசகம், மம்ரேயில் ஆபிரகாம் மூன்று விருந்தினரை வரவேற்ற கதை, தொடக்க நூல் 18ஆம் அதிகாரம். மார்த்தாவை மட்டும் படித்தால் சமையலறையில் உழைப்பவளைக் கடிந்துகொண்டது போலத்தான் தோன்றும். எத்தனையோ தாய்மார்கள் இந்த நற்செய்தியைக் கேட்டுவிட்டு மனம் நொந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் ஆபிரகாமை வைத்துப் படி. உச்சி வெயிலில் கூடார வாயிலில் உட்கார்ந்திருந்த கிழவர், ஆட்களைக் கண்டதும் ஓடுகிறார். கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டு அப்பமும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்று மரக்கால் மாவைப் பிசையச் சொல்கிறார்; மாட்டு மந்தைக்கு ஓடி இளங்கன்றைத் தேர்ந்தெடுக்கிறார்; வெண்ணெயும் பாலும் கொண்டுவருகிறார். இவ்வளவு ஓட்டத்துக்கும் அவருக்குக் கண்டிப்பு இல்லை, வாக்குறுதிதான் கிடைக்கிறது. அப்படியானால் மார்த்தாவின் வேலையில் குறை இல்லை. ஆபிரகாம் பரிமாறியபின் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அவர்கள் உண்ணும்போது மரத்தடியில் அருகிலேயே நிற்கிறார். சாராவுக்கு மகன் பிறப்பான் என்ற வாக்கு அவர் காதில் விழுவது அப்போதுதான். மார்த்தா அந்த நிற்கும் இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. சகோதரிமேல் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்றைய பதிலுரைப் பாடல் 15ஆம் திருப்பாடல். ஆண்டவரின் கூடாரத்தில் தங்கத் தக்கவர் யார் என்று அது கேட்கிறது. ஆபிரகாமின் கூடாரத்துக்கு இறைவன் விருந்தினராக வந்தார். இறைவனின் கூடாரத்துக்கு விருந்தினராகப் போக நமக்கு என்ன தகுதி? உண்மை பேசுவது, அடுத்தவரைப் பழிக்காதது, வட்டிக்குக் கொடுக்காதது, கையூட்டு வாங்காதது என்று பாடல் பட்டியலிடுகிறது. உட்கார்ந்து கேட்டால் போதும் என்று ஒரு பக்கமாகச் சாயவிடாமல் இந்தப் பாடல் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது.

இன்னொன்றையும் கவனி. கோவிலில் வாசிக்கும் பகுதி பத்தாம் வசனத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. வாக்குறுதியைக் கூடாரத்துக்குள்ளிருந்து கேட்ட சாரா சிரிப்பது அதற்குப் பிறகு வருகிறது. அதனால் வழிபாட்டு ஏட்டோடு நின்றுவிடாதே. திருவிவிலியத்தைத் திறந்து வெட்டப்பட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் படி. ஒரு வாசகம் எங்கே முடிகிறது என்று பார்ப்பது அதைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

அதைவிட நல்ல வழி, முந்திய ஞாயிறையும் அடுத்த ஞாயிறையும் சேர்த்துப் பார்ப்பது. 15ஆம் ஞாயிறில் நல்ல சமாரியர் உவமை. நீரும் போய் அப்படியே செய்யும் என்று இயேசு அதை முடிக்கிறார். மறு வாரமே, செய்துகொண்டிருக்கும் மார்த்தாவை நிறுத்தி, கேட்டுக்கொண்டிருக்கும் மரியாவைப் பாராட்டுகிறார். லூக்கா இவை இரண்டையும் ஒட்டியே எழுதியிருக்கிறார். முதலாவதை மட்டும் கேட்டவர் ஓடிக்கொண்டே இருப்பார். இரண்டாவதை மட்டும் கேட்டவர் குற்றுயிராய்க் கிடப்பவரைத் தாண்டிப் போய்விடுவார். 17ஆம் ஞாயிறில் இயேசு இறைவேண்டல் கற்றுக்கொடுக்கிறார். கூடவே, நள்ளிரவில் வந்த விருந்தினருக்கு வைக்க ஒன்றுமில்லாமல் நண்பனின் கதவைத் தட்டுகிறவன் கதை. விருந்தினர் மறுபடியும்! முதல் வாசகமும் அதே 18ஆம் அதிகாரத்தில் தொடர்கிறது. அன்று மரத்தடியில் நின்ற ஆபிரகாம், சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் இறைவனிடம் பேரம் பேசுகிறார். இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? மரத்தடியில் நின்று கேட்ட நேரத்தில் வந்த நெருக்கம் அது என்பது என் எண்ணம். ஒரு ஞாயிறை மட்டும் கேட்டிருந்தால் இது எனக்குத் தென்பட்டிருக்காது.

மார்த்தாவைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதே. முதல் ஆண்டின் தவக்காலம் ஐந்தாம் ஞாயிறில் அவள் திரும்பி வருகிறாள். சகோதரன் லாசர் இறந்திருக்க, மரியா வீட்டில் இருக்கிறாள். ஊருக்கு வெளியே போய் இயேசுவை எதிர்கொண்டு, அவரை மெசியா என்றும் இறைமகன் என்றும் அறிக்கையிடுவது மார்த்தாதான்.

இனி நீ செய்ய வேண்டியது. சனிக்கிழமை இரவு நற்செய்தியை வாய்விட்டு ஒருமுறை படி. பிறகு முதல் வாசகம். இவை இரண்டையும் ஏன் சேர்த்தார்கள் என்று உன்னையே கேள். விடை உடனே கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கேள்வியோடு கோவிலுக்குப் போ. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் ஆழ்ந்திருத்தல் என்று நான்கு படிகளைச் சொன்னார். நமக்கு முதல் படியிலேயே அவசரம் வந்துவிடுகிறது. படித்ததில் உன்னை நிறுத்திய ஒரு சொல்லையோ வரியையோ எடுத்துக்கொண்டு, அதைச் சொல்லியே இறைவனிடம் பேசு. மறையுரையில் பங்குத்தந்தை உன் கேள்வியைத் தொடலாம், தொடாமலும் போகலாம். அவரும் அதே பகுதியோடு அந்த வாரம் முழுவதும் இருந்தவர். அவர் கண்டதையும் பொறுமையாகக் கேள்.

வாசிக்க உன் முறை வந்தால் ஒரு வாரம் முன்பே பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள். ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பழகு. மக்கள் உட்கார்ந்து அமைதியாகும்வரை தொடங்காதே. முதியவர்கள் பலருக்கு அந்த வாரம் முழுக்க விவிலியம் என்பது உன் குரல்தான்.

முதல் வாரம் படித்ததும் எழுது. பிடிபடாத வாசகம் இருந்தால் அதைப் பற்றி முதலில் எழுது. நானும் அதே பகுதியைப் படித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் சித்தி