கல்லடைப்பும் குன்னூர் ஆராய்ச்சியும்

நீலமலைத் தொடரின்கண், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது குன்னூர். அதனைச் சூழ்ந்த மலைச்சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள் பச்சைப் பட்டு விரித்தாற்போலப் பரந்து கிடக்கும். ஆங்குள்ள சிம்ஸ் பூங்காவின் மரங்களையும் மலர்களையும் கண்டு களிக்க ஆண்டுதோறும் மக்கள் திரள்திரளாக வருவர். அப்பூங்காவிற்கு அணித்தே பாஸ்டர் நிலையம் என்னும் மருத்துவ நிலையம் ஒன்று உளது. வெறிநாய்க்கடிக்கு மருந்து அளிக்கும்பொருட்டு 1907-ஆம் ஆண்டில் தோன்றிய நிலையம் அது. பூங்காவைக் காண்போர் பலர். அந்நிலையத்தை நோக்குவோர் சிலர். அதன் ஓர் அறையில் தொடங்கிய உணவாராய்ச்சி சிறுவர் நலத்திற்கு ஆற்றிய தொண்டினை அறிந்தோர் மிகச் சிலரேயாவர். அத்தொண்டினை ஈண்டுக் காண்போம்.

நம் உடம்பில் முதுகெலும்பின் இருமருங்கும் அவரை விதையின் வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. வளர்ந்தவர் ஒருவரின் சிறுநீரகம் அவருடைய கைப்பிடி அளவினதே. எனினும் அதன் பணி மிகப் பெரிது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவற்றை மருத்துவ நூலார் நெஃப்ரான்கள் என்பர். குருதியினின்று நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவற்றின் வழியே வடிகின்றது. உடம்புக்கு வேண்டிய நீரையும் சத்தையும் மீண்டும் குருதிக்கே அளித்து, வேண்டாத கழிவை மட்டும் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் சிறுநீராக அவை வெளியேற்றுகின்றன. நெல்லையும் பதரையும் பிரித்தறியும் முறம் போன்றது சிறுநீரகம் எனலாம்.

இவ்வுறுப்புக்கும் இதனைச் சார்ந்த நீர்ப்பைக்கும் வரும் நோய்களுள் ஒன்று கல்லடைப்பு. உப்பளத்தில் நீர் சுண்டச்சுண்ட உப்பு உறைவதை நாம் அறிவோம். அதுபோலச் சிறுநீரில் கரைந்துள்ள உப்புகள் அளவு மிகுந்து, நீர் குறைந்தவிடத்து, ஒன்றுகூடிக் கல்லாகின்றன. இந்நோய் முதியோர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. சுசுருத சங்கிதை என்னும் பழைய மருத்துவ நூல் இக்கல்லின் வகைகளையும், அதனை அறுத்தெடுக்கும் முறையையும் கூறுமிடத்து, இந்நோய் பெரும்பாலும் சிறுவர்க்கே வருவது என்று குறிக்கின்றது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் பஞ்சாபு, சிந்து முதலிய வடமேற்கு நாடுகளில் எண்ணிறந்த சிறுவர்கள் நீர்ப்பைக் கல்லினால் துன்புற்றனர். நீர் கழிக்கும்போதெல்லாம் குழந்தை கதறுவதைக் கேட்டுப் பெற்றோர் மனம் நைந்தனர். அறுவை மருத்துவர் கல்லை எடுத்தனர். ஆனால், அக்கல் ஏன் தோன்றியது என்ற வினாவிற்கு விடை கிட்டவில்லை.

அவ்விடையைத் தேடியவருள் தலையாயவர் இராபர்ட் மக்காரிசன். இவர் 1878-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்து, 1901-இல் மருத்துவப் பணியேற்று இந்தியாவிற்கு வந்தவர். வடக்கே கில்கித்து மலைநாட்டில் கழலை நோயைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்தார். தீட்டிய அரிசியையே உண்பார்க்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1918-ஆம் ஆண்டு குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தம் பணியைத் தொடங்கினார். ஓரறையில் தோன்றிய அவ்வாராய்ச்சி 1928-ஆம் ஆண்டளவில் உணவாராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. ஆலம்வித்து சிறிதாயினும் அதன் நிழல் பெரிதன்றோ?

மக்காரிசன் வெள்ளெலிகளைத் துணைக்கொண்டு ஆராய்ந்தார். இந்திய நாட்டின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவுகளை, அவரவர் சமைக்கும் முறையிலேயே சமைத்து, தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்த இளம் எலிகளுக்கு அளித்தார். எல்லா எலிகளுக்கும் ஒரே வகைக் கூடு, ஒரே காற்று, ஒரே தூய்மை. உணவு ஒன்றே வேறு. முழுக்கோதுமை அப்பம், பால், வெண்ணெய், பருப்பு, பசுங்காய்கறி, பழம் ஆகியவற்றோடு சிறிது ஊனும் கலந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடையுற்றன. பாலும் காய்கறியும் குறைந்து அரிசியே மிகுந்திருந்த சென்னை மாகாண உணவை உண்ட எலிகளோ 155 கிராமே எடையுற்றன. இதனைப் படிக்கும் நாம் வெகுளவும் வேண்டா, நாணவும் வேண்டா. அரிசியை இகழ்வதற்கும் இஃது இடமன்று. ஏனெனில், இவ்வாராய்ச்சியின் அடுத்த பகுதி கோதுமையின் குறையையும் வெளிப்படுத்தியது.

அதே கோதுமையை, பாலும் பச்சைக் காய்கறியும் இன்றி, மிகுதியாக உண்ட எலிகளுக்கு நேர்ந்தது யாது? அவற்றுள் பலவற்றின் நீர்ப்பையில் கற்கள் தோன்றின! உணவோடு பாலைச் சேர்த்து அளித்தபோது கற்கள் தோன்றவில்லை. இம்முடிபுகளை அவர் 1927-ஆம் ஆண்டு முதலாகக் கட்டுரைகளாக வெளியிட்டார். வைட்டமின் ஏ என்னும் உயிர்ச்சத்துக் குறைவும், சுண்ணச்சத்துக்கும் பாஸ்பரச் சத்துக்கும் இருக்கவேண்டிய அளவுப் பொருத்தம் கெடுதலும் கல்லுக்குக் காரணங்கள் என்று அவர் எழுதினார். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் நீர்ப்பாதையின் மெல்லிய உட்போர்வை தடித்து உதிரும். உதிர்ந்த துணுக்கைச் சுற்றி உப்பு படிந்து கல்லாகும்.

வடமேற்கு நாடுகளின் புதிர் இதனால் விடுபட்டது. உடல் வலிவு மிக்க மக்களும் கல்லடைப்பால் வருந்தும் சிறுவரும் ஒரே நாட்டில், ஒரே கோதுமையை உண்டு வாழ்ந்தது எவ்வாறு? கோதுமையோடு பாலும் கீரையும் பெற்ற குடியில் வலிவு வளர்ந்தது. அவற்றைப் பெறாத ஏழைக்குடியில் கல் வளர்ந்தது. குற்றம் தானியத்தின்மேல் அன்று. அதற்குத் துணையாவன இல்லாமையே குற்றம்.

அறிவியல் ஒருவருடைய சொல்லோடு நின்றுவிடுவதன்று. பின்வந்தோர் மக்காரிசன் முடிபுகளை ஆராய்ந்து சிலவற்றைத் திருத்தினர். 1960-களில் தாய்லாந்து நாட்டின் உபோன் பகுதியில் ஆராய்ந்தோர், பிறந்த சில வாரங்களிலேயே குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு ஒட்டரிசிச் சோற்றையும் ஊட்டும் வழக்கம் அங்கிருப்பதைக் கண்டனர். பாஸ்பரச் சத்தை உணவோடு சேர்த்தளித்தபோது சிறுநீரில் உப்புப் படிகங்கள் குறைந்தன. எனவே, மக்கட் குழந்தைகளின் நீர்ப்பைக் கல்லுக்குப் பாலும் புரதமும் பாஸ்பரச் சத்தும் குறைந்த உணவே முதற்காரணம் என்பதும், உயிர்ச்சத்து ஏ குறைவு அதற்குத் துணைக்காரணமாதல் கூடும் என்பதும் இன்று கொள்ளப்படுகின்றன. இங்கிலாந்து நாட்டு நார்விச் நகரிலும் ஒருகாலத்தில் இந்நோய் சிறுவரிடையே மிக்கிருந்தது. மக்கள் உணவு செம்மையுற்றபின் அஃது அங்கிருந்து மறைந்தது. நம் நாட்டிலும் சிறுவரின் நீர்ப்பைக் கல் முன்னாளினும் பெரிதும் அருகிவிட்டது.

உணவுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவு குழந்தை பிறப்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. தாயின் வயிற்றில் ஏறத்தாழ 36 வாரங்கள் நிறைவதற்குள் எல்லா நெஃப்ரான்களும் உருவாகிவிடும். அதன்பின் வாழ்நாள் முழுதும் புதிய நெஃப்ரான் ஒன்றேனும் தோன்றாது. பிறக்கும்போது பெற்ற முதலை வைத்தே இறுதிவரை வாணிகம் செய்யவேண்டியவர் நாம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு அம்முதல் குறைவு; அதனால் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வருதற்கு இடமுண்டு. உயிர்ச்சத்து ஏ குறைந்த தாய் எலிகளின் குட்டிகளுக்கு நெஃப்ரான்கள் குறைந்திருத்தலை 1990-களில் ஆராய்ந்தோர் கண்டனர். பெங்களூரிலும் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரிலும் பிறந்த குழந்தைகளை ஒப்புநோக்கி 2007-இல் வெளியான ஆய்வொன்றும், தாயின் உயிர்ச்சத்து ஏ குறைவிற்கும் குழந்தையின் சிறுநீரக அளவிற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தது. குன்னூரில் எலிக்கூட்டின் முன் எழுந்த வினா இன்னும் தொடர்கின்றது என்பது இதனால் விளங்கும். எனினும், இவ்வுயிர்ச்சத்தை மருந்தாக மிகுதியும் உட்கொள்வது கருவுற்ற தாய்மார்க்குத் தீங்காகும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் மஞ்சள் பூசணியும் உணவு வழியே அதனைத் தரும்.

மக்காரிசன் 1935-இல் ஓய்வு பெற்று, 1960-இல் மறைந்தார். அவர் வளர்த்த நிலையம் 1958-இல் ஐதராபாத்து நகருக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. தமிழகத்துப் பள்ளிகளில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் பரவியதும், 1982-இல் சத்துணவுத் திட்டம் தோன்றியதும், 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் வேறு வேறு நோக்கங்களால் எழுந்தவை. ஆயினும், வளரும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, சத்தும் நிறைதல் வேண்டும் என்ற உண்மை அவற்றிலும் பொதிந்துள்ளது. சோற்றோடு பருப்பும் காயும் முட்டையும் நம் தட்டில் வரும்போது, அவை சோற்றுக்குத் துணையாக வந்தவை என்பதை உணர்ந்து, ஒதுக்காது உண்ணல் வேண்டும்.

மாணவர்களே! மலைநாட்டுக் குளிரில் நீர்வேட்கை தோன்றாது. அதனால் நீர் அருந்த மறப்பவர் பலர். வெயில்நாட்டிலோ வியர்வையால் உடலின் நீர் வற்றும். எங்கு வாழினும் நாள்தோறும் போதிய நீர் அருந்துங்கள். சிறுநீரை அடக்கி வைத்தல் ஆகாது. தோலில் புண்ணும் சிரங்கும் வந்தால் உடனே ஆற்றிக்கொள்ளுங்கள்; அவற்றிலுள்ள கிருமிகளின் விளைவாகச் சிறுநீரகம் நோயுறுதல் உண்டு. காலையில் முகம் வீங்கினாலும், சிறுநீர் சிவந்தாலும் குறைந்தாலும், கழிக்கையில் வலித்தாலும், அதனை மறைக்காமல் பெற்றோரிடம் கூறி மருத்துவரை நாடுங்கள். இவற்றுள் நாணத்தக்கது ஒன்றும் இல்லை.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் உணவைப் பற்றியே பெரிதும் பேசுகின்றார். உண்ணும் முறை அறிந்தவர்க்கு நோய் அணுகுதல் அரிது என்பது அவர் கருத்து. அவ்வுண்மையை எலிக்கூட்டின் முன் அமர்ந்து, எடைபோட்டும் அளவிட்டும் மெய்ப்பித்துக் காட்டிய பெருமை நம் நீலமலைக்கு உண்டு. அடுத்தமுறை குன்னூருக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுமாயின், பூங்காவின் மலர்களைக் கண்ட கண்களால் அணித்தேயுள்ள அந்நிலையத்தையும் ஒருமுறை நோக்குங்கள்.