அயன்மொழியாகத் தமிழ் கற்போரும் வாசித்துப் பொருளுணரும் உத்திகளும்: புணர்ச்சி, முடிபு, வழக்கு வேறுபாடு ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அயன்மொழி வாசிப்புக்கென வகுக்கப்பட்ட உத்திகளுள் பெரும்பாலானவை ஆங்கிலப் பனுவல்களைக் கருத்தில் கொண்டு உருவானவை. அவற்றை மாற்றமின்றித் தமிழ் வகுப்பறைக்குக் கொண்டுவரும்போது எழும் இடர்ப்பாடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்லின் இறுதியிலிருந்து பிரித்தல், முடிபு தேடல், எழுத்து வழக்கிலுள்ளதைப் பேச்சு வழக்கில் சுருக்குதல் ஆகிய மூன்றும் தமிழ் கற்பித்தலில் முதன்மை பெறவேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அயன்மொழி, வாசிப்பு உத்தி, புணர்ச்சி, முடிபு, பெயரெச்சம், இரட்டை வழக்கு

முன்னுரை

வாசிப்பு என்பது எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி ஒலிப்பதன்று. ஊகித்து, ஊகத்தைச் சரிபார்த்து முன்செல்லும் செயல் என்று கென்னத் குட்மன் 1967-இல் விளக்கினார். அக்கருத்தின் செல்வாக்கால், தெரியாத சொல்லைக் கடந்து செல்க, சூழலைக் கொண்டு பொருளை ஊகிக்க என்னும் அறிவுரைகள் அயன்மொழி வகுப்புகளில் நிலைபெற்றன. ஆயின், தாய்மொழியில் திறம்பட வாசிப்பவரும் அயன்மொழியறிவு போதாத நிலையில் திறனற்ற வாசகரைப் போலவே தடுமாறுகின்றனர் என்பதை மார்க் கிளார்க் 1980-இல் எடுத்துக்காட்டினார். அயன்மொழி வாசிப்பில் நேரும் இடர் வாசிப்பைச் சார்ந்ததா, மொழியைச் சார்ந்ததா என்னும் வினாவை ஆல்டர்சன் 1984-இல் எழுப்பினார். தமிழைப் பொறுத்தவரை இவ்வினாவைப் பொதுநிலையில் வைத்துப் பேசுவதால் பயன் குறைவு. தடை எவ்விடத்தில் நேர்கிறது என்பதைச் சொல்லிலும் தொடரிலும் வைத்துக் காணவேண்டும்.

சொல்லின் எல்லை

தெரியாத சொல்லை ஊகிக்கச் சொல்வதற்கு முன் ‘சொல்’ எது என்பதைக் கற்பவர் அறிந்திருக்கவேண்டும். ‘வந்திருக்கிறார்களாம்’ என்பதை அகராதியில் தேடும் மாணவர் அதைக் காணமாட்டார். ‘வந்’ என்னும் தொடக்கத்தைக் கொண்டு தேடினாலும் ‘வா’ என்னும் வினையடியைச் சென்றடைய இயலாது. இங்கு உதவுவது இறுதியிலிருந்து பிரித்தலே. முதலில் ‘ஆம்’; இது பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கிறது. அடுத்து ‘ஆர்கள்’, பின்னர்க் காலங்காட்டும் ‘கிறு’, துணைவினையாகிய ‘இரு’, எஞ்சுவது ‘வந்து’. கண்–காண், சென்று–செல், கற்று–கல், கேட்டு–கேள் போன்ற உருமாற்றங்களைத் தொடக்க நிலையிலேயே வாசிப்புக்கான பட்டியலாகக் கையில் கொடுப்பது நன்று.

இலக்கண நூல்கள் புணர்ச்சி விதிகளைச் சேர்க்கும் திசையில் கூறுகின்றன: பல் + பசை = பற்பசை. எழுதுபவருக்கு அத்திசை பொருந்தும். வாசிப்பவருக்குத் தேவை அதன் மறுதலை. ககர, சகர, பகரங்களுக்கு முன் றகர மெய்யைக் கண்டால் அங்கு லகரமோ னகரமோ மறைந்திருக்கலாம் (கற்சிலை, பொற்குடம்). டகர மெய்யைக் கண்டால் ளகரமோ ணகரமோ மறைந்திருக்கலாம் (முட்செடி, மட்குடம்). இவ்வாறு தலைகீழாக்கப்பட்ட புணர்ச்சிப் பாடம் அயன்மொழிப் பாடநூல் ஒவ்வொன்றிலும் இடம்பெறத்தக்கது.

பிறர் துணையின்றிப் புனைகதை ஒன்றை விளங்கிக்கொள்ளப் பனுவலின் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்கவேண்டும் என்னும் ஹூ, நேஷன் ஆகியோரின் முடிவு (2000) அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அது ஆங்கிலத்தை வைத்துக் கண்ட எண். ஒரே வினையடி எண்ணற்ற வடிவங்களில் வரும் தமிழில் எதனைச் சொல் என எண்ணுவது என்பது தெளிவுபடாதவரை, அவ்விழுக்காட்டை நம் பாடத்திட்டங்களில் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

முடிபு தேடல்

செய்தித்தாள்களில் நாள்தோறும் காணக்கூடிய வகையில் அமைந்த பின்வரும் தொடரை நோக்குக:

‘மழையால் இடிந்த பள்ளிக் கட்டடத்தைப் பார்வையிட வந்த மாவட்ட ஆட்சியரிடம் ஊர்மக்கள் அளித்த மனுவில் கூறப்பட்டிருந்த குறைகளைக் களைய நடவடிக்கை எடுக்கப்படும் என்று அமைச்சர் தெரிவித்தார்.’

பத்தொன்பது சொற்கள், நான்கு பெயரெச்சங்கள். ஆங்கிலேயரோ பிரெஞ்சுக்காரரோ இதனை இடமிருந்து வாசிக்கும்போது, எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிடும் என எதிர்பார்ப்பர். ஆட்சியரும் ஊர்மக்களும் மனுவும் வந்து சேர்ந்தபின்னும் செய்தி இன்னதென்று புலப்படாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருந்தும் தொடர் விளங்காமற்போவது இவ்வகையில்தான். ஜப்பானியம், கொரியம், துருக்கியம் ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு இவ்விடர் குறைவு. அம்மொழிகளிலும் வினை இறுதியில் நிற்கும், பெயரை விளக்கும் எச்சத்தொடர் பெயருக்கு முன் வரும். ஆகவே ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் அனைவர்க்கும் ஒரே உத்தியை ஒரே கால அளவில் பயிற்றுவது சரியன்று.

இங்குக் கற்பிக்கவேண்டியது முதலில் இறுதி வினைக்குச் செல்வது. தெரிவித்தார், யார்? அமைச்சர். எதனை? ‘என்று’ என்னும் சொல் எல்லையாக நிற்க, அதற்கு முன்னுள்ள ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதனை. எதற்கு? குறைகளைக் களைய. எக்குறைகள்? மனுவில் கூறப்பட்டிருந்தவை. இவ்வாறு ஒவ்வொரு பெயரெச்சமும் ஒரு வினாவுக்கு விடையாகிறது.

இம்முறை நமக்குப் புதிதன்று. உரையாசிரியர்கள் ஒரு சொல் எதனோடு முடிகிறது என்பதைத் தேடி முடிபு காட்டினர். தொலைவில் நிற்கும் சொற்களைக் கொண்டுகூட்டினர். நன்னூல் எண்வகைப் பொருள்கோளை வகுத்துரைத்தது. செய்யுளுக்கென வளர்ந்த இந்நுட்பத்தை இன்றைய உரைநடை வாசிப்புக்குப் பயன்படுத்த நாம் தயங்குவதற்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை. எனினும் ஒன்றைக் கருதவேண்டும்: பின்னிருந்து வாசித்தல் ஏறுவதற்கு வைத்த ஏணி மட்டுமே. தமிழர் தமிழை அவ்வாறு வாசிப்பதில்லை. எச்சங்களை மனத்தில் தாங்கியவாறு முடிபை எதிர்நோக்கிச் செல்கின்றனர். இடைநிலையைக் கடந்தபின் மாணவரை முன்னோக்கி வாசிக்கப் பழக்காவிடில் அவர் என்றும் புதிர் அவிழ்ப்பவராகவே இருப்பார்.

தொடரில் எழுவாய் மறைந்து வருவதும் இதனோடு தொடர்புடையது. ‘புத்தகம் படித்தான்’ என்பதில் முதற்பெயரை எழுவாயாகக் கொள்ளும் மாணவரைத் திருத்துவது ‘ஆன்’ என்னும் விகுதி. அஃறிணைப் பெயர் அவ்விகுதியை ஏலாது. ‘அவன் பார்த்த பெண்’, ‘அவனைப் பார்த்த பெண்’ ஆகிய இரண்டிற்கும் இடையே பார்த்தவர் யார் என்பதை மாற்றிவிடுவது ஐகாரம் ஒன்றே. விரைந்து மேலோட்டமாக வாசிக்கும் பயிற்சியைத் தொடக்கத்திலேயே புகுத்துவோர் இத்தகைய வேற்றுமை உருபுகளையே மாணவர் கண்ணிலிருந்து மறைக்கின்றனர்.

பின்புல அறிவு

கேரல், ஐஸ்டர்ஹோல்ட் ஆகியோர் 1983-இல் வலியுறுத்தியதுபோல், பனுவல் சொல்லாமல் விடுவதை வாசகரின் பின்புல அறிவே நிரப்புகிறது. ‘அத்தை மகள் என்பதால் பேச்சு அன்றே முடிந்தது’ என்னும் தொடரில் கடினமான சொல் எதுவும் இல்லை. ஆயினும் முறைப்பெண் வழக்கம் அறியாதவர் ஏதோ உரையாடல் நின்றுபோனதாகவே பொருள்கொள்வர். திருமணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது என்பது அவருக்குப் புலனாகாது. இத்தகைய இடங்களில் ஊகிக்கச் சொல்வது வீண். ஆசிரியர் முன்கூட்டியே விளக்கிவிடலாம்.

பேச்சு வழக்கில் சுருக்குதல்

பலின்சர், பிரௌன் ஆகியோர் 1984-இல் முன்வைத்த பரிமாற்றக் கற்பித்தலில் முன்னூகம், வினாவெழுப்பல், தெளிவுபடுத்தல், சுருக்குதல் ஆகிய நான்கும் மாணவர் பொறுப்பாகின்றன. தமிழ் வகுப்புக்கு இவற்றுள் சுருக்குதலே மிகுந்த பயன் தரும்; அதுவும் பேச்சு வழக்கில் செய்யப்படின். எழுத்து வழக்கிலேயே சுருக்கச் சொன்னால் மாணவர் பனுவலின் தொடர்களை அங்கங்கே வெட்டி ஒட்டுவார். விளங்கியதா என்பது வெளிப்படாது. ‘சென்றுகொண்டிருந்தான்’ என்பதைப் ‘போயிட்டிருந்தான்’ என்று சொல்லவேண்டுமாயின், பொருளைப் பற்றிக்கொண்டு வடிவத்தை விட்டாகவேண்டும். தமிழர் செய்தித்தாளைப் படித்து அடுத்தவருக்குச் சொல்வதும் இவ்வாறே. வகுப்பறையில் பேச்சு வழக்கு மொழித்தூய்மைக்கு இழுக்கு எனக் கருதும் போக்கு, அயன்மொழி மாணவரிடமிருந்து இவ்வரிய சோதனைக் கருவியைப் பறித்துவிடுகிறது.

மதிப்பீடு

வினாவிலுள்ள சொல்லைப் பனுவலில் தேடி, அதனை அடுத்த வரியைப் படியெடுத்தாலே முழு மதிப்பெண் கிடைக்கும் வகையில் அமைந்த வினாத்தாள்கள் பல. மேற்காட்டிய செய்தித் தொடருக்கு ‘ஊர்மக்கள் எதனை அளித்தனர்?’ என்று கேட்டால், தொடரை அறவே உணராதவரும் ‘மனு’ என எழுதிவிடுவர். மாறாக, ‘நடவடிக்கை எடுக்கப்படும் என்று மாவட்ட ஆட்சியர் உறுதியளித்தார்’, ‘பள்ளிக்கு வந்தவரும் செய்தியைத் தெரிவித்தவரும் ஒருவரே’, ‘மனு அளிக்கப்படுமுன் கட்டடம் இடிந்திருந்தது’ ஆகிய கூற்றுகளைக் கொடுத்து, சரியா தவறா எனக் கேட்டு, அவ்விடைக்குச் சான்றான சொல்லையோ உருபையோ அடிக்கோடிடச் செய்யலாம். முதலிரண்டு கூற்றுகளுக்கும் ‘தவறு’ என எழுதி, ‘ஆட்சியரிடம்’ என்பதன் ‘இடம்’ உருபையும் ‘அமைச்சர்’ என்னும் எழுவாயையும் அடிக்கோடிடும் மாணவர் தொடரை வாசித்துவிட்டார்.