‘டைரக்ட் ஐஓ போட்டால் வேகமா?’ இன்டர்வியூவில் சிக்காமல் இருக்க

பேக்எண்ட், டேட்டாபேஸ் வேலைகளுக்குப் போகிறவர்களிடம் கேட்கப்படும் கேள்வி இது: “ஃபைல் எழுதும்போது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கேஷைத் தவிர்க்கலாமா?” “தவிர்க்கலாம் சார், வேகமாக இருக்கும்” என்று சொன்னால் வாய்ப்பு பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போய்விடும். இப்படித் தயாராகுங்கள்.

1. அடிப்படையை இரண்டு வரியில் முடியுங்கள். லினக்ஸில் ரைட் செய்ததும் டேட்டா மெமரியிலுள்ள பேஜ் கேஷில்தான் உட்காரும். டிஃபால்ட் செட்டிங்கில் சுமார் 30 விநாடிகூட அங்கே கிடக்கலாம். அதற்குள் கரண்ட் போனால் டேட்டாவும் போச்சு.

2. நஷ்டத்தை முதலில் பேசுங்கள். அனுபவசாலி என்று அதில்தான் தெரியும். ஃபைலைத் திறக்கும்போது பேஜ் கேஷைத் தவிர்க்கச் சொல்லும் ஓ-டைரக்ட் ஃப்ளாகைப் போட்டால், சின்னச் சின்ன ரைட்டுகளைச் சேர்த்து அனுப்புவது, அடுத்து வேண்டியதை முன்கூட்டியே படித்துவைப்பது என கெர்னல் பார்த்த வேலையெல்லாம் உங்கள் தலையில். பஃபர் முகவரி, ஆஃப்செட், நீளம் மூன்றும் பொதுவாக 512 அல்லது 4096 பைட்டுக்கு அலைன் ஆக வேண்டும். பிசகினால் பெரும்பாலும் எரர்தான்.

3. பலர் சறுக்கும் இடம் இது. டைரக்ட் என்றால் பத்திரம் என்று அர்த்தமில்லை. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு கேஷ் இருக்கிறது. ஃபைல் சைஸ் போன்ற மெட்டாடேட்டாவும் தனியாகப் போய்ச் சேர வேண்டும். எனவே எல்லாவற்றையும் டிஸ்க்கில் நிலையாக எழுதவைக்கும் எஃப்சிங்க் அப்போதும் தேவை. நான் ஆள் எடுக்கும்போது காத்திருப்பது இந்த ஒரு பதிலுக்காகத்தான். இதைச் சொல்பவரிடம் கம்பெனியின் டேட்டாவை நம்பி ஒப்படைக்கலாம்.

4. உதாரணம் கைவசம் இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி தனக்கென்று பஃபர் பூல் வைத்திருக்கிறது. அதே பேஜ் கெர்னலிலும் இருந்தால் ராம் வீண். அதனால் 8.4 வெர்ஷனில் லினக்ஸுக்கு ஓ-டைரக்டே டிஃபால்ட் ஆகிவிட்டது. போஸ்ட்கிரெஸோ பேஜ் கேஷை நம்பியே வளர்ந்தது. தன் ஷேர்ட் பஃபர்ஸுக்கு ராமில் 25 சதவீதத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. “சொந்தக் கேஷ் இல்லாத அப்ளிகேஷனுக்கு ஓ-டைரக்ட் வேண்டாம்” என்று உங்கள் தீர்ப்பையும் தயங்காமல் சொல்லுங்கள்.

5. படித்ததோடு நிற்காதீர்கள். டிடி கமாண்டை ஓஃப்ளாக் டைரக்டுடன் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, 4 கேபி பிளாக்கிலும் 4 எம்பி பிளாக்கிலும் ஓட்டி, வந்த எண்களைக் குறித்துவையுங்கள். சொந்தமாக அளந்தவரின் பேச்சே வேறு. டெம்ப் ஃபோல்டரில் மட்டும் ஓட்டாதீர்கள். பல லினக்ஸ்களில் அது மெமரியிலேயே இருக்கும், டிஸ்க்கை அளந்ததாக ஆகாது.