தோல் ஏற்றும் பழைய பிக்கப் குலுங்காமல் ஓட

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் வேரூன்றிய ஊர்களில், விடியற்காலையில் ஏதேனும் ஒரு டானரி வாசலில் சற்று நேரம் நின்று பார்ப்பவர், உப்பிட்ட பச்சைத் தோலைச் சென்னைப் பெரியமேட்டு மண்டியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சுமந்துகொண்டு வந்து சேரும் பிக்கப் வண்டிகளில் வயது முதிர்ந்தவை எத்தனை என்பதைக் கண்டு வியப்படைவார். 1988-ல் பிறந்த டாடாமொபைலின் வழிவந்தவை, மஹிந்திரா பொலேரோ பிக்கப், 2011-ல் ஓசூரிலிருந்து புறப்பட்ட அசோக் லேலண்ட் தோஸ்த் என்று பெயர் எதுவாயினும், சொந்தக்காரர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றே: காலியாகப் போனால் துள்ளுகிறது, பாரம் ஏற்றினால் அசைந்தாடுகிறது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் பரிகாரம், பின்பக்கக் கமான் கட்டில் இன்னும் ஒரு பட்டையைச் சேர்ப்பது. அது பெரும்பாலும் வீண் செலவு என்பதும், தேய்ந்ததை மாற்றித் துருவை நீக்கித் தளர்ந்ததை இறுக்கினாலே வண்டி தன் பழைய நடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிடும் என்பதும் என் அபிப்பிராயம். அதற்கான காரியங்களைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே சொல்கிறேன்.

1. முதலில் உப்பைக் கழுவுங்கள்

பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தாராளமாக உப்பு தூவப்படுகிறது. அந்த உப்பு தோலின் ஈரத்தை இழுத்துக் கரைந்து, பலகை இடுக்குகள் வழியாகச் சொட்டி, கமான் கட்டின் மேலும் சேசிஸின் மேலும் ஓயாமல் விழுகிறது. வேறு ஊர் வண்டிகளுக்கு இல்லாத விசேஷமான வியாதி இது. ஆம்பூர்ப் பட்டறை ஒன்றில், பாரமே இல்லாத வண்டி கட்டைவண்டி போல் இடிக்கிறது என்ற புகாரின்மேல் கட்டைக் கழற்றியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பட்டைகளைப் பிரிக்கவே சுத்தியல் தேவைப்பட்டது. பிரிந்தபோது, ஒவ்வோர் இடையிலும் செதில் செதிலாகச் செந்துருவும், அதன் ஓரத்தில் வெண்மையாக உப்பும் படிந்திருந்தன. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வேண்டிய பட்டைகள் ஒரே இரும்புக்கட்டையாக இறுகிவிட்டபின், அந்த வண்டியில் குழியின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

ஆகையால், வேறெதைத் தொடுவதற்கும் முன்பு, வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவி, ஒரு நாள் உலரவிட்டு, துருப்பிடித்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சேசிஸில் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ, செதில் உதிர்ந்து ஓட்டை தெரிந்தாலோ, வெல்டிங் வேலையை முடித்த பிறகே மற்றவற்றுக்குச் செலவிட வேண்டும்.

2. டயரும் காற்றும்

கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ குறித்துள்ள காற்றழுத்தத்தை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளந்து பாருங்கள். வேலூர்க் கோடையில் நடுப்பகலில் ஓடிய டயரில் அளந்தால் கணக்குத் தப்பும். பாரத்துக்கென்று ஏற்றிய அதிகக் காற்றைக் காலியாகத் திரும்பும்போதும் அப்படியே வைத்திருப்பதே பல வண்டிகள் துள்ளுவதற்குக் காரணம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் அதன் பிறந்த தேதியைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ தேயாவிட்டாலும் சுவரில் வெடிப்புக் கண்ட டயர் ஓய்வுக்கு உரியது. ஒரே அச்சில் ரேடியலையும் சாதா டயரையும் கலக்கக் கூடாது.

3. ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரைப் பணயம் வைப்பதாகும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள்: மிதித்தவுடன் ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கரப் பேரிங்கில் உள்ளது, மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின் தேய்ந்திருக்கிறது. இடம் வலமாக அசைக்கையில் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராடு முனைகளைக் காட்டும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடங்களில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை ஏற்றுங்கள்.

4. கமான் கட்டு

அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இதுவே. சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள பாடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கண்கூடாகத் தாழ்ந்திருந்தால் அந்தக் கட்டு சோர்ந்துவிட்டது. கழற்றிப் பிரித்து, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, சென்டர் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் உண்டா என்று பாருங்கள். பட்டைகள் அதிகமாக முறிவது அவ்விடத்தில்தான். முறிந்ததை மாற்றி, வளைவு இழந்ததைத் திரும்ப வளைத்து, கிராபைட் கிரீஸ் தடவி அடுக்குங்கள். ஷேக்கிள் புஷ்கள் ரப்பராக இருந்தால் அவற்றில் கிரீஸ் படக் கூடாது. ரப்பர் ஊதிக் கெடும். அந்தப் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நின்றபின்பே முழுமையாக இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். யு போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கி, சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்குவது அவசியம்.

கூடுதல் பட்டை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பின்பக்கம் உயர்ந்துவிட்டால், பாரத்தை அனுசரித்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில், பாரம் இருந்தும் வண்டி காலி என்று அது எண்ணிப் பின் பிரேக்கைத் தளர்த்திவிடும். பட்டை கூடிவிட்டதே என்று அதிக எடை ஏற்றிப் பிடிபட்டால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகைப்பட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அதன்மேல்.

5. ஷாக் அப்சர்பர்

பட்டை பாரத்தைத் தாங்குகிறது. துள்ளலை அடக்குவது ஷாக். கரடுமுரடான சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியவுடன் பின்பக்க ஷாக்குகள் இரண்டையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். உழைத்தது சூடாயிருக்கும், ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது செத்துவிட்டது. எண்ணெய் கசிந்திருந்தாலும் அவ்வாறே. மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள்.

6. கடைசியில் அலைன்மென்ட்

தேய்ந்த பாகங்கள் எல்லாம் மாறியபின்பே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முதலிலேயே பார்த்தால், ஒவ்வொரு பாகம் மாறும்போதும் மறுபடி பணம் கட்ட நேரும்.

7. பாரம் வைக்கும் முறை

தோல் கட்டுகளைப் பின்கதவு ஓரத்தில் குவித்தால் முன்சக்கரங்கள் லேசாகி, பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கையில் ஸ்டியரிங் மிதக்கும். கேபினை ஒட்டித் தொடங்கிப் பின் அச்சுவரை சமமாகப் பரப்பி, ஈரத்தோல் வழுக்கி ஒரு பக்கம் சாயாதபடி கயிற்றால் கட்டுங்கள். அடியில் தார்ப்பாயை விரித்து ஓரங்களை மடித்துவிட்டால், உப்புநீர் கமான் கட்டின்மேல் விழாமல் அதிலேயே தங்கும்.

இவ்வளவையும் செய்து, செலவும் செய்து, வண்டி சுகமாக ஓடத் தொடங்கியபின் ஒரே ஒரு பழக்கத்தைக் கைவிடாதிருங்கள்: பச்சைத் தோல் இறக்கிய அன்றே, எத்தனை அலுப்பாயிருந்தாலும், வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டே வீட்டுக்குப் போங்கள்.