மின்மினிகளின் இரவு

சான்பாடாவிலிருந்து கசாரா மலைப்பாதை, இகத்புரி வழியாகச் சென்றால் பண்டாரதராவை அடையலாம். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் (1646 மீட்டர்) அதன் அருகில் உள்ளது. பருவமழைக்குச் சற்று முன்னர், மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும், அங்குள்ள மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக ஒளிர்கின்றன. அவற்றைக் காண மும்பை மக்கள் மகிழுந்துகளில் சென்று இரவு தங்குகின்றனர்.

மின்மினிக்கு ஒளியே மொழி. ஆண் பூச்சி ஒளிவிட்டு அழைக்கும். பெண் பூச்சி ஒளியாலேயே விடை கூறும். வண்டியின் முகப்பு விளக்கு எரிந்தால் இந்த உரையாடல் தடைபடும். இணை சேராவிடில் முட்டைகள் இல்லை. வளர்ந்த மின்மினி சில வாரங்களே வாழும். ஆதலால் அதற்கு ஓர் இரவின் இழப்பும் பெரிது. அதன் முட்டைகளும் புழுக்களும் ஈரமண்ணிலும் சருகிலும் வாழ்கின்றன. புல்வெளியில் ஏறும் சக்கரம் அவற்றை நசுக்கிவிடும்.

அங்குள்ள காட்டின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். எனவே, தங்குவோர் வனத்துறையின் இசைவைப் பெற வேண்டும். ஊரார் காட்டும் இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். விளக்கையும் இசையையும் அணைத்துவிட வேண்டும். தீ மூட்டக் கூடாது. குப்பையைத் தம்முடன் திரும்ப எடுத்து வர வேண்டும். இவ்வாறு நடந்துகொண்டால், அடுத்த ஆண்டு செல்வோரும் அவ்வொளியைக் காண்பர்.

சொற்பொருள்
இசைவு – அனுமதி
சருகு – உலர்ந்த இலை

வினாக்கள்
1. மின்மினி ஒளிர்வது ஏன்?
2. வண்டியைப் புல்வெளியில் ஏற்றக் கூடாது. காரணம் கூறுக.
3. இரவு தங்கச் செல்வோருக்கு மூன்று அறிவுரைகள் எழுதுக.