பூட்டிக் கிடந்த வீட்டுக் குழாய்

கேள்வி: இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் ஷவரில் இளஞ்சிவப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது. கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அது போதாதா ஐயா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: குடிக்கப் போதும் அம்மா. எனக்குக் கவலை, குளிக்கும்போது அவர் மூச்சோடு இழுக்கும் சாரல்தான்.

அந்த இளஞ்சிவப்புப் படலம் பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியா. தேய்த்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் படலம் அப்படியல்ல. சூடோமோனாஸ், காசநோய்க் கிருமிக்கு உறவான சில மைக்கோபாக்டீரியங்கள், லெஜியோனெல்லா எல்லாம் அதில் குடியிருக்கும். தண்ணீரில் போடும் குளோரின் படலத்துக்குள் சரியாக இறங்குவதில்லை. தேங்கி நின்றால் இருக்கும் குளோரினும் போய்விடும். நல்ல உடம்பில் இவை பெரும்பாலும் வாலாட்டுவதில்லை. உங்கள் கணவரைப் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவரிடம்தான் வேலையைக் காட்டும்.

லெஜியோனெல்லாவை உலகம் அறிந்தது 1976-இல். பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடிய அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே நிமோனியா பரவி 29 பேர் இறந்தார்கள். காரணமான கிருமியைக் கண்டுபிடிக்கவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. 25 முதல் 45 டிகிரி வரை இதற்குக் கொண்டாட்டம். வெயிலில் காயும் மொட்டை மாடித் தொட்டியும், மின்கட்டணத்துக்குப் பயந்து குறைத்து வைத்த கீசரும் அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன.

கீசரை 60 டிகிரிக்கு ஏற்றி வையுங்கள். வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்த பிறகே அவர் தொட வேண்டும்; இல்லையென்றால் வெந்துவிடும். தொட்டியின் அடிவண்டலைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசச் சொல்லுங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓட விடுங்கள். அப்போது அவர் வீட்டுக்குள் இருக்க வேண்டாம். ஷவர் தலையைக் கழற்றி உப்புப் படிவைச் சுரண்டுங்கள். வினிகரில் ஊற வைத்தால் அதோடு பிளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். என்னைக் கேட்டால் அவருக்கு ஷவரே வேண்டாம், வாளியில் மொண்டு குளிக்கட்டும். அதில் சாரல் குறைவு.

நெபுலைசர் இருந்தால் அதைக் கொதித்து ஆறிய நீரில்தான் அலச வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம்தானே என்பார்கள். அதில் குளோரினும் இருக்காது என்பதால் ஆர்.ஓ. தொட்டியிலும் படலம் பிடிக்கும்.

அடுத்த இரண்டு வாரத்தில் அவருக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள், வீடு பூட்டிக் கிடந்ததையும் சொல்லுங்கள். லெஜியோனெல்லாவுக்குப் பென்சிலின் வகை மருந்துகள் கேட்காது. சிறுநீரில் செய்யும் பரிசோதனை இருக்கிறது. சந்தேகம் தோன்றினால்தானே டாக்டர் எழுதுவார்.